பலாப் பலகையும் மேல்காற்றும்

கயலு, கோபப்படாமல் கடைசி வரைக்கும் படி. பாதியில் மடித்துவைத்துவிட்டு, "அம்மா ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று உன் அப்பாவிடம் போய்ச் சிரிக்கக் கூடாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொன்னால் நான் கத்துவேன். நீ "சரிம்மா, சரிம்மா" என்று தலையை ஆட்டிவிட்டு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து நமக்குள் நடக்கிற கூத்து இது. இப்போது கரண்ட் போயிருக்கிறது, மில் நிற்கிறது. மிஷின் சத்தம் இல்லாத மில்லில் எனக்கு வேறு வேலை ஓடாது. ஆபீஸ் ரூம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக உனக்கு எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது என் மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது. சீர் சாமான்களைக் கூடத்தில் பரப்பி, கடலூரில் மாப்பிள்ளை வீட்டுக்கு எது முதலில் போக வேண்டும், எது பிறகு என்று நானும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தோம். உன் வேலை மேஜையை எந்த நடையில் ஏற்றலாம் என்று அப்பா கேட்டார். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது இங்கயே இருக்கட்டும்பா. கிட்டாரும் இருக்கட்டும். கல்யாணம் ஆன கையோட உளியும் சுத்தியுமா போயி எறங்குனா நல்லாவா இருக்கும்? கொஞ்ச நாள் போவட்டும்" என்றாய். நீ வேலை பார்க்கிற புதுச்சேரி கிட்டார் பட்டறையிலும் கொஞ்ச நாள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். ஏதோ சினிமாவுக்கு வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாய். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வாயே திறக்கவில்லை. நான் வாய் திறக்காமல் இருந்தேன் என்றால் எனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். அந்தக் கொஞ்ச நாள் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும் கயலு. நம் களத்தில் நெல் காயப்போடுகிற பெண்களைக் கேட்டுப் பார். ஒருத்தி டைப்ரைட்டிங் முடித்தவள், ஒருத்தி ஊருக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்தவள். எல்லாரும் கல்யாணத்தோடு கொஞ்ச நாள் நிறுத்திவைத்தவர்கள்தான். இன்னும் அந்தக் கொஞ்ச நாள் முடியவில்லை.

அதனால்தான் அந்தக் கிட்டார் எப்படி வந்தது என்று உனக்கே ஞாபகப்படுத்த உட்கார்ந்திருக்கிறேன். நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் உன் பக்கத்துக் கதைதான் உனக்குத் தெரியும். என் பக்கத்துக் கதை உனக்குத் தெரியாது.

நீ சிதம்பரத்தில் காலேஜ் முடித்த வருஷம் அது. உன் கூடப் படித்த கடலூர்ப் பெண் ஸ்டெல்லா, அவள் சர்ச்சில் வாசிக்கிற கிட்டாரில் கம்பி கட்டுகிற கட்டை பெயர்ந்துவிட்டது என்று புதுச்சேரிக்கு எடுத்துப் போனாள். நீ துணைக்குப் போனாய். அவள் வேலை முடிந்து கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். நீ சாயங்காலம் வரைக்கும் அந்தப் பட்டறையிலேயே நின்றுகொண்டிருந்தாயாம். வீட்டுக்கு வந்து, கால்கூடக் கழுவாமல், "நான் இத கத்துக்கப் போறேம்மா" என்றாய். வாசிக்கவா என்று கேட்டேன். செய்ய என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீணை செய்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், தவில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அரிசி மில்காரி வீட்டில் கிட்டார் செய்கிற பெண் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பட்டறைக்காரர் உன்னை உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. நீயே ஒன்று செய், மழைக்காலமும் ஆனி ஆடியில் வறண்டு அடிக்கிற மேல்காற்றுக் காலமும் அது தாண்டட்டும், அதற்குப் பிறகு எடுத்துக்கொண்டு வா, பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கடலோர ஊரில் மரத்தைப் பிடித்து வைக்கத் தெரியாதவர்கள் எத்தனை அழகாகச் செய்தாலும் வீண் என்றாராம்.

அந்தச் சமயத்தில் பெண்ணாடத்து மாமா உன்னைத் தன் பையனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கரும்புக் காடும் சொந்தமும் விட்டுப்போகக் கூடாது என்பது என் அண்ணனுடைய ஆசை. எனக்கும் அதில் ஆசை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். நான் உன்னிடம் பளிச்சென்று பேசிவிட்டேன். அடுத்த ஆடி வரைக்கும் உனக்கு நேரம். கிட்டார் தாக்குப்பிடித்து நின்றால் நீ புதுச்சேரிக்குப் போகலாம், நானே பஸ் ஏற்றிவிடுகிறேன். நிற்கவில்லையென்றால் மாமா வீட்டுப் பேச்சுக்குத் தலையாட்ட வேண்டும். நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "சரி, ஆனா நடுவுல பேச்சு மாத்தக் கூடாது" என்றாய். என்னமோ நான்தான் மாற்றுகிறவள் மாதிரி.

மரம் தேடி நீ பண்ருட்டிக்குப் போய், பலா மரத்தை வாங்கி, அங்கேயே மர வாடியில் மெல்லிய பலகையாக அறுத்துக்கொண்டு வந்தாய். மஞ்சளாக, புதுசாக, கூடமெல்லாம் வாசனை. முன்பலகைக்கு மட்டும் பலா ஆகாது, லேசான வெள்ளை மரம் வேண்டும் என்றாய். அதற்கு ஊரெல்லாம் அலைந்துவிட்டு, கடைசியில் நம் மில்லுக்கு அரிசி தரம் பிரிக்கிற மிஷின் வந்த பெட்டியை உடைத்தாய். வெளிநாட்டுப் பெட்டி, நல்ல வெள்ளை மரம். முடிச்சு இல்லாத, ரேகை நேராக ஓடுகிற துண்டாகப் பார்த்துப் பொறுக்கினாய். அந்தப் பெட்டியை நான் கோழிக்கூண்டுக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். கோழிக்கு இன்னும் கூண்டு வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. நம் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. பலகையில் ஈரம் இருந்தது. ஈரம் என்றால் நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: களம். அவித்த நெல்லைக் கொட்டுகிற மாதிரி, புரட்டாசி வெயிலில் அந்தப் பலாப் பலகைகளை நீ களத்தில் வரிசையாகப் பரப்பினாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. களத்துப் பெண்களிடம், "நெல்லு கூட இதையும் ஒரு கண்ணு பாத்துக்குங்கடி" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், ஒவ்வொரு பலகையும் ரெண்டு ஓரத்தையும் தூக்கிக்கொண்டு, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நிற்கிறது. மேல்பக்கம் வெயிலில் காய்ந்து சுருங்கிவிட்டது, அடிப்பக்கம் இன்னும் ஈரம். நெல்லைப் புரட்டிவிடுகிற மாதிரி பலகையையும் புரட்டிப் போட்டாய். சாயங்காலத்துக்குள் அது அந்தப் பக்கமும் முறுக்கிக்கொண்டு, முனையெல்லாம் கீறல் விட்டுவிட்டது.

விட்டேனா நான்? அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைக்கச் சொன்னேன். மூட்டைக்கு அடியில் ரெண்டு மூன்று நாள் நல்ல பிள்ளையாகத்தான் கிடந்தது. மூட்டையை எடுத்த மறுநாள் பழைய கோணலுக்கே போய்விட்டது. அப்பா நனைத்த துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பார்த்தார். கணக்கு வாத்தியாருக்கு இஸ்திரி எதற்கு? துணி கருகியதுதான் மிச்சம். அந்த வாரம் வீட்டில் சமையலைத் தவிர மற்ற எல்லாமே அந்தப் பலகையைப் பற்றிய பேச்சுதான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்ததா வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், நிஜமாகவே தெரியவில்லை. ரெண்டும் இருந்தது.

நீ அந்தக் கோணல் பலகைகளை எறியாமல் உன் கட்டிலுக்கு எதிரே சாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய். ஒரு நாள் காலையில் மில்லுக்கு வந்தாய். அன்றைக்குப் பாதி காய்ந்த நெல்லை அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் முழுசாகக் காயவைக்காமல் பாதியில் அள்ளுகிறீர்கள் என்று, சின்ன வயசிலிருந்து பார்த்த விஷயத்தை அன்றைக்குத்தான் புதுசாகக் கேட்டாய். ஒரே மூச்சில் காய்ந்தால் அரிசி உள்ளுக்குள் வெடித்து, அரைக்கும்போது நொய்யாகப் போய்விடும், குவித்து ஆறப்போட்டால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே பரவும், அதற்கப்புறம் மறுபடி காயவைக்கலாம் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ ஓடிவிட்டாய். எனக்கு வந்த கோபம்! வருஷக்கணக்காக நெல்லில் செய்கிற காரியம், மரத்துக்கும் அதுதான் என்று என் மண்டையில் ஏறவில்லை. உன் மண்டையில் ஏறிவிட்டது.

மறுபடியும் பலா வாங்கினாய். இந்தத் தடவை வெயிலே காட்டவில்லை. மில்லுக்குப் பின்பக்கம் நிழலில் பலகையை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே கனத்தில் குச்சி வைத்தாய், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி காற்று படட்டும் என்று. முனை வழியாகத்தான் ஈரம் அவசரமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்து, மெழுகுவர்த்தியை உருக்கி முனைகளில் பூசினாய். மேலே ஒரு மூட்டை. இப்போது அந்த மூட்டைக்கு அர்த்தம் இருந்தது. சாம்பிள் அரிசி நிறுக்கிற என் தராசில் தினமும் ஒரு பலகையைக் கொண்டுவந்து வைப்பாய். எடை குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. இனி இந்த ஊர்க் காற்றும் இந்த மரமும் சமாதானம் என்று நீ சொன்னபோது, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சமாதானமாவது ஒன்றாவது!

மழையில் உப்பு தண்ணீர் விட்டது, கதவு இழுத்துக்கொண்டது, உன் பலகையும் ஊதிவிட்டது. முன்பலகைக்கு உள்பக்கம் குறுக்குச் சட்டம் ஒட்ட வேண்டும். பலகை ஊதியிருக்கும்போது சட்டத்தை ஒட்டிவிட்டால், பின்னால் காற்று காயும்போது பலகை சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது, இழுபறியில் பலகை குழிந்துவிடும் அல்லது வெடித்துவிடும். அதனால் காய்ந்த இடம் வேண்டும் என்று தவித்தாய். மார்கழி கழியட்டும் என்றால் ஆடிக்குள் முடியாது. பாய்லருக்கு ஒட்டினாற்போல் சாக்கும் சணலும் போட்டு வைக்கிற அந்தச் சின்ன அறையை நான்தான் ஒழித்துக் கொடுத்தேன். சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். வெளியே வீராணம் ஏரி நிரம்பிவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டிருக்க, உள்ளே உன் பலகை கோடைக்காலத்தில் இருந்தது. ஒரு வாரம் அங்கே ஆறவிட்டு, எடை இறங்கியதும் ஒட்டினாய். மேலே ஒரு பலகை கட்டி, அதற்கும் கீழே இருக்கிற சட்டத்துக்கும் நடுவில் மூங்கில் பத்தைகளை வில் மாதிரி வளைத்து முட்டுக் கொடுத்தாய். உள்ளே நுழைந்தால் மூங்கில் புதர் மாதிரி இருக்கும். சட்டத்தைக்கூட நேராக வைக்கவில்லை, லேசாக வளைத்திருந்தாய். முன்பலகைக்குக் கொஞ்சம் தொப்பை இருந்தால்தான் சுருங்கும்போது குழியாது என்றாய். தொப்பை நல்லது என்று சொன்ன முதல் ஆள் நீதான் என்று அப்பாவுக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் பக்கவாட்டுப் பலகையை நனைத்து, கரி போட்டுச் சூடாக்கிய இரும்புக் குழாயில் வைத்து வளைத்தாய். இத்தனை நாள் வளையக் கூடாது, வளையக் கூடாது என்று மாரடித்த மரத்தை இப்போது வேண்டுமென்றே வளைக்கிறாயே, பைத்தியமா என்று கேட்டேன். நான் சொல்லி வளைந்தால் அது வேலை, அதுவாக வளைந்தால் அது கோணல் என்றாய். வாய் உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது. கழுத்துக்கு ஒரே கட்டையை எடுக்காமல், மூன்று பட்டைகளை, நடுவில் இருப்பதன் ரேகையைத் திருப்பிப் போட்டு ஒட்டினாய். ஒன்று இந்தப் பக்கம் இழுத்தால் மற்றது அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளட்டும் என்று. பங்குனியில் கம்பி ஏற்றினாய். எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது, உனக்கே தெரியும். ஆனால் நீ முதல் தடவை அந்தக் கம்பியைத் தட்டியபோது, என் கோழிக்கூண்டு மரமும் பண்ருட்டிப் பலாவும் சேர்ந்து இப்படி ஒரு சத்தம் போடும் என்று நான் நினைக்கவே இல்லை. மில்லில் தவிடு சலித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வந்து வாசலில் நின்றார்கள். கண்ணில் தவிட்டுத் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

ஆனியில் மேல்காற்று ஆரம்பித்தது. கிட்டாரை எங்கே வைக்கிறது என்று யாரும் யோசிக்கவே இல்லை. அந்தப் பாய்லர் அறைதான் நல்ல அறை என்று நம் ரெண்டு பேர் மண்டையிலும் ஆணியடித்தாற்போல் பதிந்துவிட்டதே! மழையில் காப்பாற்றிய அறை மேல்காற்றில் என்ன செய்யும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெளியே ஏற்கெனவே உதடு வெடிக்கிற காற்று, உள்ளே பாய்லர் சூடு. ஆடி பிறந்து சில நாள் இருக்கும். மத்தியானம் நான் ஆபீஸ் ரூமில் இருந்தேன். டப் என்று ஒரு சத்தம். ஓடு எதுவும் விழுந்துவிட்டதா என்று வெளியே வந்து பார்த்தேன். நீ அந்த அறையிலிருந்து கிட்டாரைக் கையில் பிடித்தபடி வந்தாய். கம்பி கட்டுகிற கட்டையிலிருந்து கீழ் ஓரம் வரைக்கும், முன்பலகையில் முடி மாதிரி ஒரு கோடு. வீட்டுக்குப் போய்க் கை கழுவி, தட்டில் தயிர்சாதம் போட்டுக்கொண்டு சாப்பிட்டாய். உனக்கு இரும்பு நெஞ்சுதான் என்று நினைத்தேன். பிறகு கொல்லைப்பக்கம் குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காத மாதிரி அழுதாய். நான் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். வந்து தொட்டால் உனக்குப் பிடிக்காது என்று வரவில்லை.

அடுத்த நாளே பெண்ணாடத்து மாமா வந்தார். யாரும் சொல்லி வரவில்லை, கோயில் காரியமாகச் சிதம்பரம் வந்தவர் அப்படியே எட்டிப் பார்த்தார். கிட்டாரைப் பார்த்தார், உன் முகத்தைப் பார்த்தார். என் அண்ணன் கெட்டவரில்லை, உனக்குத் தெரியும். உன்மேல் பாசம் ஜாஸ்தி. ஆறுதலாகத்தான் சொன்னார்.

"ஒடஞ்சி போச்சா? சரி, வுடு தங்கச்சி. எல்லாம் நல்லதுக்குத்தான். ஆவணியில ஒரு நாள் பாத்துடலாம்."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "ஒடையலண்ணா. வெடிச்சிருக்கு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது. ஆடி இன்னும் முடியல, அதுக்குள்ள நாளு பாக்காத" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. உடைவதற்கும் வெடிப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு எங்கே தெரியும்? மாமா என்னையே பார்த்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, சரி உன் இஷ்டம் என்று எழுந்து போனார். நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே வேலையை ஆரம்பித்தாய். கம்பியைத் தளர்த்தினாய். பழைய சோப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த பஞ்சை அடைத்து, காய்ந்த மரம் ஈரம் குடிக்கட்டும் என்று கிட்டாரின் வயிற்றுக்குள் விட்டு, போர்வையைச் சுற்றிக் கூடத்தில் வைத்தாய். தினமும் திறந்து விரலால் தடவிப் பார்ப்பாய். அவசரப்பட்டு இறுக்கி ஒட்டினால் பக்கத்திலேயே இன்னொன்று வெடிக்கும், மரம் தானாகச் சேரட்டும் என்று காத்திருந்தாய். காத்திருப்பது என் ரத்தத்தில் கிடையாது. நான் தினமும், "ஆச்சா, ஆச்சா" என்று உயிரை எடுத்தேன். கோடு மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒரு நாள் கண்ணுக்கே தெரியவில்லை. அப்போது பசையை உள்ளே இறக்கி, கிட்டாரின் வட்ட ஓட்டை வழியாகக் கையை விட்டு, உள்பக்கத்தில் தபால்தலை அளவுக்குச் சின்னச் சின்னக் கட்டைகளைக் குறுக்கே ஒட்டினாய். மேலே அரக்கு பூசி மறைத்துவிடு, யாருக்குத் தெரியப் போகிறது என்று நான்தான் சொன்னேன். நீ பூசவில்லை.

ஆடிக் கடைசியில் நாம் ரெண்டு பேரும் புதுச்சேரிக்குப் போனோம். நீ வேண்டாம் என்றாய், நான் வந்தேன். அந்தப் பட்டறைக்காரர் நம்மை உட்காரக்கூடச் சொல்லவில்லை. முதலில் கழுத்தில் இரும்பு அளவுகோலை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அது நேராக இருந்தது. பின்பலகையைத் தட்டினார். முன்பலகைக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இது எப்ப வெடிச்சிது?"

"ஆடி பொறந்ததும்ங்க."

"எங்க வச்சிருந்தே?"

"பாய்லர் ரூம்ல. மழைக்கு அங்கதான் நல்லா இருந்துச்சி."

அவர் சிரித்தார். "பத்திரமா வைக்கிறேன்னு வறுத்து வச்சிட்டியா" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது, அந்த அறையைக் கொடுத்தவள் நானல்லவா. சிரித்துக்கொண்டே பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றது. ரொம்ப நேரம் பார்த்தார். யார் ஒட்டியது என்று கேட்டார். நான்தான் என்றாய். அப்புறம் அவர் சொன்னதை நான் ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

"இங்க வர்றதுல முக்காவாசி வெடிச்சி வர்றதுதாம்மா. புதுசா செய்யிறதுக்கு எங்கிட்ட ஆள் இருக்கு. வெடிச்சதப் பாத்துப் பயப்படாம உக்கார்ற ஆளுதான் இல்ல. திங்கக்கெழம வா."

திரும்பி வரும் பஸ்ஸில் கிட்டார் என் மடியில் இருந்தது. கடலூர் தாண்டியதும் கண்டக்டர் வந்து, அது கிட்டாரா, யார் வாசிக்கிறது என்று கேட்டார். அந்த வருஷம் முழுக்க யார் கேட்டாலும் பெண் மேலே படிக்கிறாள் என்று மழுப்பிக்கொண்டிருந்த நான், பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "வாசிக்கிறத யாரு வேணா வாசிக்கட்டும். செஞ்சது எம்பொண்ணு" என்றேன். நீ என் இடுப்பில் கிள்ளினாய். வலிக்கவே இல்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, மரமும் கல்யாணமும் ஒன்றுதான், விட்டுக்கொடுத்துப் போ என்று முடிச்சுப் போடுவேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். போட மாட்டேன். மாப்பிள்ளை ஒன்றும் பலாப் பலகை இல்லை, நல்ல பையன், நீயும் ஆசைப்பட்டுத்தான் சம்மதித்தாய். நான் சொல்லுவது ஒன்றே ஒன்று. ஒரு வீட்டுக்குப் போன முதல் மாசத்தில் நீ எதைச் செய்கிறாயோ, அதுதான் அந்த வீட்டுக்கு உன் பழக்கம். செய்யாமல் விட்டதை அப்புறம் எடுத்தால் அது புதுசாக ஆரம்பித்த திமிர். நான் கல்யாணமான மூன்றாம் நாள், கழுத்தில் மஞ்சள் கயிற்றின் ஈரம்கூடக் காயாமல், இந்தக் களத்துக்கு வந்து நின்றேன். என் அப்பாவுக்கு, அதான் உன் தாத்தாவுக்கு, முடியாமல் இருந்தது, நெல் அவிந்து கிடந்தது. உன் அப்பா வீட்டுப் பக்கம் ஒரு மாசம் முணுமுணுத்தார்கள். ரெண்டாம் மாசத்திலிருந்து, "மில்லுக்கு நேரமாவலையா?" என்று அவர்களே கேட்டார்கள். உன் அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை குறுக்கே சொல்லவில்லை. அதற்காகத்தான் இத்தனை வருஷமாக அவருடைய இஸ்திரியைப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். நான் அன்றைக்குக் கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்திருந்தால் இந்த மில் இல்லை, இந்தத் தைரியம் இல்லை, இப்படி வாயாடுகிற அம்மாவும் உனக்கு இல்லை.

நீ திட்டினாலும் சரி, நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். நேற்றைக்குச் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். எம்பொண்ணு கூட ஒரு வேலை மேஜை வருது, அதுக்குக் கடல் காத்து நேரா அடிக்காம, அடுப்புச் சூடும் படாம ஒரு அறை வேணும் என்றேன். சொல்லிவிட்டுத்தான் எனக்கு உறைத்தது. போச்சு, கல்யாணத்துக்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அப்புறம் அந்த அம்மா மெதுவாக, "மேஜை எவ்ளோ அகலம் இருக்கும்? எங்க வூட்டு உள்ரூம் வாசப்படி கொஞ்சம் குறுகலுங்க" என்றார்கள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லியிருக்கிறார்கள், ராத்திரி அவரே போன் செய்து அளவைச் சொன்னார். மேஜை அப்படியே நுழையாது. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் அப்பா அதன் நாலு காலையும் கழற்றி, ஆணியை எல்லாம் காகிதத்தில் பொதிந்து கட்டி வைத்துவிட்டுத்தான் ரயில் பிடித்தார். வியாழக்கிழமை வண்டி வருகிறது. முதல் நடையில் உன் மேஜை போகிறது. பீரோவும் கட்டிலும் அடுத்த நடையில் வரட்டும்.